ஐஸ் பெட்டியில் குளிர்காய்ந்த கோழிகள்

ராயபுரத்தில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் மண்ணாங்கட்டி என்று கூப்பிட்டால் ஒருவர் திரும்பிப் பார்ப்பார், அதுவும் பெருமையாக. பட்டப்பெயர் என்று நினைக்க வேண்டாம். ரேஷன் கார்டில், ஆதாரில், கல்யாணப் பத்திரிகையில், எல்லாவற்றிலும் அதுதான். அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. ராஜா என்றும் ராணி என்றும் ஆசையாகப் பெயர் வைத்து, இரண்டையும் மூலக்கொத்தளம் இடுகாட்டில் புதைத்துவிட்டு வந்த அவருடைய அம்மா, அடுத்து இவர் பிறந்ததும் தெருமுனைக் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து மண்ணாங்கட்டி என்று கூப்பிட்டாளாம். எமன் பேர் பேராகக் கூப்பிட்டுக்கொண்டு வரும்போது இந்தப் பெயர் வந்தால், இதையெல்லாம் யார் சுமப்பது என்று தாண்டிப் போய்விடுவான் என்பது நம்பிக்கை. தாண்டித்தான் போயிருக்கிறான். ஆள் ஐம்பதைக் கடந்து கல்லுக்குண்டாக இருக்கிறார்.

வேலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில். ஐஸ் கம்பெனியில் பார் பாராக இறக்கி, மிஷினில் போட்டு நொறுக்கி, மீன் பெட்டிகளில் அள்ளிக் கொட்டுவது. பல வருஷம் ஐஸைத் தொட்டுத் தொட்டு அவருடைய உள்ளங்கை மரத்துப் போய்விட்டது. டீக்கடையில் நாங்கள் துண்டைச் சுற்றிப் பிடிக்கிற கிளாஸை அவர் முழுக்கையால் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார். அவருடைய மனைவி சொக்கம்மாள் ஒருமுறை தண்ணீர் லாரி வரிசையில் சொன்னது: "கல்யாணமான புதுசுல இந்தாளு கைய புடிச்சாரு. நான் யாரோ வஞ்சிரம் மீன கைல குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்." வரிசையில் இருந்த குடங்களெல்லாம் குலுங்கின.

இப்படி ஐஸிலேயே வாழ்கிற மனிதருக்கு ஒரே ஆசை, மொட்டை மாடியில் கோழி வளர்ப்பது. பழைய படகுப் பலகையும் கிழிந்த வலையும் வைத்து அவரே கட்டிய கூடு. பிளாக்கில் யாருக்காவது காய்ச்சல் என்றால் சொக்கம்மாள் ஒரு நாட்டுக்கோழி முட்டையோடு போய் நிற்பாள். அதனால் எங்களுக்கும் அந்தக் கூட்டின் மேல் ஒரு பாசம் இருந்தது. போன வருஷப் புயல் வரைக்கும்.

நம்ம ஊர்க் குளிர் என்று சொன்னால் வடக்கே இருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கார்த்திகை, மார்கழியில் நாம் குரங்குக் குல்லா போடுவதே அவர்களுக்கு வேடிக்கை. ஆனால் முட்டையை விட்டு வந்து சில நாளே ஆன குஞ்சு, மழையில் ஊறிய பஞ்சு உடம்போடு கடல்காற்றில் நின்றால், அதற்கு ராயபுரமும் இமயமலைதான். போன வருஷம் மண்ணாங்கட்டி கூட்டுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, தார்ப்பாயை இழுத்து மூடி, காற்றே புகாதபடி கயிற்றால் கட்டிவிட்டுத் தூங்கப் போனார். கரண்ட் போனது. உள்ளே கோழிகள் விட்ட மூச்சே ஈரமாகித் தார்ப்பாயிலிருந்து சொட்டியது. விடிந்து பார்த்தால் குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துக் கிடந்தன. மனிதர் இடிந்து உட்கார்ந்துவிட்டார். அள்ளிச் சாக்கில் போட்டவர் சாக்கை மாடியிலேயே மறந்துவிட, அந்த நாற்றம் படி வழியாக இறங்கி ஒவ்வொரு வீட்டுக்கதவையும் தட்டியது.

குஞ்சுகள் செத்ததற்குக் காரணம் என்று அவர் கண்டுபிடித்தது வேறு. "எல்லாம் என் தப்பு மாமு. சினிமா நடிகைங்க பேரா பாத்து வச்சேன். எமன் சும்மா உடுவானா?"

பிளாக்கில் தண்ணீர் மோட்டார் போடுகிற பொறுப்பும் பஞ்சாயத்துப் பொறுப்பும் இக்னேஷியஸ் அண்ணனிடம் இருக்கிறது. துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். இந்த வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது அவர் படிக்கட்டில் எல்லோரையும் கூட்டினார். கூட்டச் சொன்னது டில்லிபாபு.

டில்லிபாபு யார் என்று சொல்லிவிடுகிறேன். மேல்மாடிக்காரன், கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான். குடியென்றால் குடி, அப்படி ஒரு குடி. அவன் மனைவி மதி பொறுக்க முடியாமல் கோயிலுக்கு இழுத்துப் போய், இனிமேல் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் கையில் கயிறு கட்டவைத்தாள். அன்றிலிருந்து ஆள் மாறிவிட்டான். எதற்கெடுத்தாலும் அந்தக் கயிற்றைத் தூக்கிக் காட்டித்தான் பேசுவான்.

"இந்தக் கயிறு மேல ஆணையா சொல்றேன், மாடில காலு வெக்க முடியல. நாத்தம். டேங்கு பக்கத்துலயே கோழி. நாளைக்கு புள்ளைங்களுக்கு வாந்தி பேதி வந்தா யாரு பதில் சொல்றது? அப்பாலிக்கா இவுரு காலைல ஒருவாட்டி, மதியம் ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி மேல ஏறிகினு கீறாரு. மாடி இன்னா இவுரு மாமியார் வூடா?"

"நான் ஏறுனா உனுக்கு இன்னாடா வலிக்குது?" என்றார் மண்ணாங்கட்டி.

"பொது எடம் மாமு. நாயம்னு ஒன்னு கீதுல்ல."

இக்னேஷியஸ் அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். "மண்ணாங்கட்டி, கூடு இப்ப இருக்கட்டும். ஆனா இந்த வருஷ புயலுக்கு ஒத்தக் குஞ்சு செத்து மாடில கெடந்தாலும் கூட்ட பிரிச்சி எடுத்துடணும். அதுக்கு மேல என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

சொக்கம்மாளுக்கும் மண்ணாங்கட்டிக்கும் பிள்ளை குட்டி இல்லை. மாடிக்குப் போகாவிட்டால் சாயங்காலங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதை அவள் சொல்லவில்லை. எங்களுக்கே தெரியும்.

கோழிக்கு வானிலை அறிக்கை கேட்கிற பழக்கம் கிடையாது. கடலில் புயல் சின்னம் என்று டிவியில் சொல்ல ஆரம்பித்த அதே வாரம் அவருடைய புள்ளிக்கோழி குஞ்சு பொரித்து நின்றது. அந்தக் கோழியின் பெயர் பேஜாரு. போன வருஷப் பாடத்துக்குப் பிறகு குஞ்சுகளுக்கும் கலீஜு, சொட்டை, ஓட்டை, துடப்பம் என்று பார்த்துப் பார்த்து வைத்திருந்தார். எமன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டானாம்.

பெயரோடு நிறுத்தியிருந்தால் நானும் இதை எழுத மாட்டேன். மறுநாள் காசிமேட்டிலிருந்து இரண்டு பெரிய தெர்மாகோல் மீன் பெட்டிகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். படகு கட்டுகிற இடத்திலிருந்து ஒரு மூட்டை மரத்தூளும். சொக்கம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாயா இது?"

"வூடு."

"யாருக்கு?"

"பேஜாருக்கும் அது புள்ளைங்களுக்கும்."

"யோவ், இது ஐஸ் பொட்டியா. வெயில்ல கெடந்த மீனே இதுல வெறச்சிப் பூடுது. பச்சப் புள்ளைங்கள இதுல போட்டா உருப்படுமா?"

"வெறைக்க வெக்கிறது ஐஸுமே, பொட்டி இல்ல. பொட்டிக்கு ஒன்னும் தெரியாது. உள்ள நீ இன்னா குடுத்தியோ அத காப்பாத்தும். ஐஸு குடுத்தா ஐஸு. சூடு குடுத்தா சூடு."

"அப்பிடின்னா உன் மண்டைய கொஞ்ச நேரம் உள்ள வை. எதுனா இருந்தா அதயும் காப்பாத்தட்டும்."

பிளாக் பூராவும் சொக்கம்மாள் கட்சிதான். இத்தனை வருஷம் ஐஸ் தின்ற பெட்டியில் குளிர் ஊறிப்போயிருக்கும், அது எங்கே போகும் என்று கேட்டார்கள். மதி வந்து தொட்டுப் பார்த்து, "ஆமாக்கா, சில்லுனு கீது" என்றாள். மீன் வாடை போகச் சோடா உப்பு போட்டுக் கழுவி ஈரமாக வைத்திருந்த பெட்டி சில்லென்று இல்லாமல் பின்னே எப்படி இருக்கும்? நான் ஒன்றும் சொல்லவில்லை. வேடிக்கை பார்க்கிறவனுக்கு வாய் எதற்கு?

மண்ணாங்கட்டி தன் போக்கில் வேலையைப் பார்த்தார். மீன் பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை இருக்கும், உருகின தண்ணீர் வெளியேற. தண்ணீர் தேங்கினால் நல்ல ஐஸும் சீக்கிரம் கரைந்துவிடும் என்பது ஐஸ்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். போன வருஷம் தார்ப்பாய்க்குள் தேங்கிய ஈரத்தை நினைத்துக்கொண்டே அவர் இந்த முறை பெட்டியின் மேல்பக்கமாகவும் சில ஓட்டைகள் போட்டார், மூச்சு ஈரம் வெளியே போகட்டும் என்று. பக்கவாட்டில் ஒரு சின்ன வாசல். அடியில் மரத்தூள் மெத்தை. பூனைகளுக்காகச் சுற்றிலும் நண்டு வலை. இரண்டு பெட்டிகளையும் மாடிப்படி முடிகிற இடத்தில், கதவுக்கு உள்பக்கமாக, மழை படாமல் வைத்தார். வளர்ந்த கோழிகளைக் கூட்டில் விட்டு, பேஜாரையும் குஞ்சுகளையும் ஒரு பெட்டிக்குள் அனுப்பினார். பேஜாரு இறக்கையை விரித்துக் குஞ்சுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், உள்ளே கையை விட்டார் மனிதர். விட்டவர் எங்களைப் பார்த்தார். அவர் கைக்குத்தான் சூடு தெரியாதே.

சொக்கம்மாள் நொடித்துக்கொண்டே தன் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு எடுக்கவில்லை. "அடுப்பாண்ட கைய வச்சா மாரி கீது" என்றாள் மெதுவாக.

புயல் மறுநாள் காலை வந்தது. வரும்போதே கரண்டை எடுத்துக்கொண்டது. மத்தியானம் மூன்று மணிக்கே பொழுது சாய்ந்த மாதிரி இருட்டு. வடக்குக் காற்று எண்ணூர்ப் பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டு வந்து பிளாக்கின் ஜன்னல்களை உலுக்கியது. நாங்கள் எல்லோரும் போர்வைக்குள். அப்போது மேலே டமால் என்று ஒரு சத்தம்.

எவன் வீட்டுக் கூரைத் தகரமோ பறந்து வந்து மாடிக்கதவில் மோதியிருந்தது. தாழ்ப்பாள் தெறித்து, கதவு திறந்து, பெட்டி கவிழ்ந்து, வலை அறுந்து, பேஜாரு மிரண்டு மொட்டை மாடிக்குப் பறந்துவிட்டது. மண்ணாங்கட்டி ஓடிப்போய்க் கதவைச் சாத்திக் கட்டையை முட்டுக் கொடுத்தார். பெட்டியை நிமிர்த்தினார். குஞ்சுகள் எல்லாம் உள்ளேயே இருந்தன, கத்திக்கொண்டு. ஆனால் சூடு கொடுக்கிற ஆள் இல்லை. உள்ளே கொடுத்ததைத்தான் பெட்டி காப்பாற்றும் என்று அவரே சொல்லியிருக்கிறார். இப்போது உள்ளே கொடுக்க ஒன்றும் இல்லை.

"சொக்கி, வெந்நி வை" என்று கத்தினார்.

கேஸ் அடுப்பு இருந்தது. வெந்நீரும் வந்தது. எதில் ஊற்றுவது? பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றினார்கள். அது சுருண்டு கிழவி முகம் மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடி பாட்டில் வேண்டும், சின்னதாக, குஞ்சுகள் பக்கத்தில் படுக்க. சொக்கம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினாள்.

"குவாட்டர் பாட்டில் காலியா எதுனா கீதா?"

அன்றைக்குத்தான் எங்கள் பிளாக் எவ்வளவு பெரிய மகான்கள் வாழ்கிற இடம் என்று தெரிந்தது. இக்னேஷியஸ் அண்ணன், "பாட்டில்னா எங்க வூட்ல நல்லெண்ண பாட்டில்தான் சொக்கம்மா" என்றார். அடுத்த வீட்டில், "கடவுளே, அந்த வாடையே எங்களுக்கு ஆவாது" என்றார்கள். மதி பெருமையாகச் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு கயிறு கட்டுனதுலேர்ந்து பாட்டில் மூடிகூட வாசப்படி தாண்டுனதில்லக்கா." நானும் இல்லை என்றுதான் சொன்னேன். என் வீட்டுக்காரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

குஞ்சுகளின் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. கோழி வளர்க்கிறவனுக்குக் கத்துகிற குஞ்சைவிடச் சும்மா இருக்கிற குஞ்சுதான் பயம். சொக்கம்மாள் தன் முந்தானைக்குள் அவற்றை வாரி எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். மண்ணாங்கட்டி பேஜாரைத் தேடி மாடிக்குப் போனார். நிற்க முடியாத காற்று. தவழ்ந்து போனார்.

கைப்பிடிச் சுவரோரம் இல்லை. கூட்டுக்கு அடியில் இல்லை. தண்ணீர் டேங்குக்குப் பின்னால், சுவருக்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. அங்கே காற்றே இல்லை. மழையும் பாதிதான். அந்தச் சந்தில் ஒரு கோணி மூட்டையின் மேல் பேஜாரு உடம்பை ஒடுக்கி உட்கார்ந்திருந்தது. தொப்பலாக நனைந்து நடுங்கியது. அதைத் தூக்கியபோது கோணி சரிந்தது. உள்ளே கிளிங் கிளிங் என்று ஒரு சத்தம்.

கோணி நிறையக் காலி குவாட்டர் பாட்டில்.

அவர் திரும்பினார். பின்னால் டில்லிபாபு நின்றுகொண்டிருந்தான், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு. காற்றில் மூட்டை பறந்துவிட்டதா என்று பார்க்க வந்தவன்.

மண்ணாங்கட்டி கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாராம்.

"டேய்," என்றார் மண்ணாங்கட்டி, "ஒயின்ஷாப்ப மாடிக்கே இட்டாந்துட்ட."

"மாமு, மெதுவா."

"இதுக்குத்தான் நான் மேல ஏறுனா உனுக்கு வலிச்சுதா?"

"மாமு, மதிக்கு தெரிஞ்சா இன்னொரு கயிறு கட்டுவா. இந்தவாட்டி கைல இல்ல, கழுத்துல."

"அத அப்பால பேசிக்கலாம். மூட்டைய தூக்கு."

மூட்டையைத் தூக்கினான். அதற்கு அடியில் ஒன்று இன்னும் திறக்காமல் இருந்தது. அதை அவன் நைசாக லுங்கி மடிப்பில் சொருகப் பார்த்தான். மண்ணாங்கட்டி பார்த்துவிட்டார். "அதயும் காலி பண்ணு, பாட்டில் பத்தாது" என்றார். குடிக்கவா என்று டில்லிபாபு கண்ணாலேயே கேட்டான். அவர் மழைநீர்க் குழாயைக் காட்டினார். தன் கல்யாணத்தில்கூட அவன் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டான். மூடியைத் திருகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினான்.

பிறகு நடந்ததைப் பிளாக்கே பார்த்தது. கோழிக்கூட்டைப் பிரிக்கச் சொன்ன டில்லிபாபு, வெந்நீர் பாட்டில்களைப் பழைய துணியில் சுற்றிச் சுற்றிப் படியில் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தான். சூட்டில் கண்ணாடி விரிசல் விடாமல் இருக்க முதலில் வெதுவெதுப்பான தண்ணீரைக் குலுக்கி ஊற்றிவிட்டு அப்புறம் சுடுதண்ணீர். அதிகச் சூடு குஞ்சை வேகவைத்துவிடும், குறைச்சல் சூடு கொன்றுவிடும். பார்த்துச் சொல்ல மண்ணாங்கட்டியின் கை உதவாது.

"என் கை செத்து ரொம்ப வருசமாச்சு. நீ கன்னத்துல வச்சிப் பாரு."

டில்லிபாபு ஒவ்வொரு பாட்டிலையும் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். அந்தப் பாட்டில்களை அவன் அதற்கு முன்னாலும் அப்படித்தான் கொஞ்சியிருப்பான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பாட்டில்களை மரத்தூளில் பாதி புதைத்து, நடுவில் குஞ்சுகளை விட்டு மூடினார்கள். சொக்கம்மாள் பேஜாரைக் குளிக்கவைத்த பிள்ளை மாதிரி துவட்டி, இரண்டாவது பெட்டியில் வேறு பாட்டில்களோடு வைத்தாள். ஈரத்தோடு குஞ்சுகளிடம் விட்டால் அவையும் நனைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து கீச் என்று ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மொத்த வகுப்பறையும் பேச ஆரம்பித்தது. சொக்கம்மாள் படியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். "தடுமன்" என்றாள் யாரும் கேட்காமலே.

மதிதான் கேட்கக் கூடாததைக் கேட்டாள். "இவ்ளோ பாட்டில் ஏதுண்ணே?"

படியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினோம். டில்லிபாபு ஒரு பாட்டிலைக் கன்னத்தில் வைத்தபடி சிலையாக நின்றான்.

"வலைல மாட்டுனதுமா," என்றார் மண்ணாங்கட்டி. "கடல் பூரா குடிகாரனுங்கதான்."

விடியும்வரை பாட்டில் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இறகு காய்ந்ததும் பேஜாரையும் குஞ்சுகளோடு விட்டார்கள். காற்று அடங்கி, வானம் வெளுத்ததும் இக்னேஷியஸ் அண்ணன் குல்லாவோடு மேலே வந்தார். பின்னாலேயே பிளாக் மொத்தமும். சாவு வீட்டுக்கு வந்த மாதிரி எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மண்ணாங்கட்டி பெட்டியின் மூடியை எடுத்தார். உள்ளிருந்து லேசாக ஆவி எழுந்தது. முதலில் பேஜாரு வெளியே வந்து, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்து, இறக்கையை உதறியது. பின்னாலேயே கலீஜு, சொட்டை, ஓட்டை, துடப்பம். ஒன்றுகூடக் குறையவில்லை. நேராகப் போய் இக்னேஷியஸ் அண்ணனின் செருப்பைக் கொத்த ஆரம்பித்தன.

"ஐஸ் பொட்டில" என்றார் அவர். பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு எல்லோரும் விட்டார்கள். முந்தாநாள் சில்லுனு கீது என்ற மதி இன்று வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

"கூடு இங்கியே இருக்கட்டும் அண்ணே," என்று முதலில் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? டில்லிபாபு. "கோழி வாயில்லாத ஜீவன். இன்னா பெரிய நாத்தம்?"

"நீதானப்பா இந்தக் கயிறு மேல ஆணைன்னு சொன்ன."

"கயிறு மேல ஆணையா இப்ப இதச் சொல்றேன்."

மண்ணாங்கட்டி அதோடு விடவில்லை. வாழ்நாளில் முதல்முறை ஜெயித்த மனிதர், அவ்வளவு சீக்கிரம் இறங்குவாரா? தொண்டையைச் செருமிக்கொண்டு, "கூடு இருந்த எடத்துல இருக்கக் கூடாது அண்ணே. அங்க காத்து ஆவாது. டேங்குக்குப் பின்னாடி ஒரு சந்து கீது. மாடிலயே அங்கதான் காத்தே வராது. நேத்து பேஜாரே கண்டுபுடிச்ச எடம். அங்க மாத்திக்கிறேன்" என்றார்.

இக்னேஷியஸ் அண்ணன் தலையாட்டினார். டில்லிபாபுவின் முகத்தில் பலவிதமான வானிலை வந்து போனது. அன்று சாயங்காலமே கூட்டின் ஒரு முனையை மண்ணாங்கட்டி பிடிக்க, மறுமுனையை அவனே பிடித்துக்கொண்டு போய் அந்தச் சந்தில் வைத்தான். இனி அங்கே ஒரு பாட்டிலும் நிற்க இடமில்லை. மேலே போனால் கோழிகள் கத்தி ஊரைக் கூட்டிவிடும். மதி கட்டிய கயிறு அன்றிலிருந்துதான் வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது.

டேங்குக்குப் பின்னால் நடந்ததை எனக்குச் சொன்னது மண்ணாங்கட்டிதான். மதியிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னார். மதியிடம் நான் திறக்கவே இல்லை. உங்களிடம்தான்.

பொங்கலுக்குள் குஞ்சுகள் நன்றாக வளர்ந்துவிட்டன. கீழ்வீட்டில், எதிர் பிளாக்கில், மாடியில் கோழி வைத்திருப்பவர்கள் எல்லாம் மீன் பெட்டிக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். மண்ணாங்கட்டி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும், சாமி ஊர்வலம் தோற்றுவிடும். குஞ்சுகளில் ஒன்று சேவல் என்று தெரிந்ததும், அதற்கு மட்டும் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப்பெயர் வைத்தார். குவாட்டர்.

"இன்னாண்ணே, சேவலுக்குப் போயி இப்பிடி பேரு வச்சிட்டீங்க?" என்று மதி கேட்டாள்.

"கேவலமா வச்சாத்தாம்மா நெலைக்கும்," என்றார் அவர். "நான் நெலைக்கல?"

தினமும் காலையில் டேங்குக்குப் பின்னாலிருந்து குவாட்டர் தொண்டை கிழியக் கூவுகிறது. மேல்மாடி வீட்டில் டில்லிபாபு விழித்துக்கொள்கிறான்.